மரகதவல்லி வீட்டு நல்ல தண்ணீர்

மரகதவல்லி பாயை விட்டு எழாமல் கிடந்த ஏழாம் நாள் காலையில், அவள் வீட்டுக் கொல்லையில் பத்தொன்பது வருஷமாக உப்புத் தண்ணீரை மட்டுமே தந்துகொண்டிருந்த அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்தது. பாத்திரம் கழுவுவதற்காகப் பம்பை அடித்த அவள் புருஷன் நாகரெத்தினம், கையில் பட்ட தண்ணீர் பிசுபிசுக்காமல் வழுக்கிப் போவதைப் பார்த்து ஒரு வாய் குடித்தான், இன்னொரு வாய் குடித்தான், பிறகு ஒரு சொம்பு நிறையப் பிடித்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே நீட்டினான். பக்கத்து வீடு எங்களுடையது. சொம்பை வாங்கியவள் என் மனைவி சண்முகக்கனி.

என் பெயர் வில்லாயுதம். முந்தல்கரையில் இருக்கிற ஒரே மருந்துக் கடை என்னுடையது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புதான் வரும்; லாரி கொண்டுவரும் தண்ணீரை வைத்துத்தான் உலை வைப்போம், லாரி வராத நாளில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம், அதனால் எங்கள் பிள்ளைகளின் பல் மஞ்சளாக இருக்கும், பெரியவர்களின் வயிற்றில் கல் இருக்கும், வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சண்முகக்கனிக்கு இரண்டு தடவை கல் எடுத்தாயிற்று. அவள் வலியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்ததை இரண்டு தடவையும் நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் எப்படி வந்தது என்று ஆராய ஒரு இன்ஜினீயர் வந்து, சுற்றியிருந்த பதினோரு பம்புகளையும் அடித்துப் பார்த்து, பதினொன்றும் உப்பு என்று எழுதிக்கொண்டு, பன்னிரண்டாவதில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. மரகதவல்லிக்கு என்ன ஆயிற்று என்பதையும் அப்படித்தான் விட்டோம். அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் அவள். முப்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, முட்டை உரித்துக் கொடுத்து, மூக்குத் துடைத்துவிட்டு, சாயங்காலம் அதே சிரிப்போடு வீட்டுக்குப் போகிறவள். யாரும் சாகவில்லை, யாரும் அவளை அடிக்கவில்லை, நாகரெத்தினம் குடிக்கிறவனும் இல்லை. ஒரு நாள் அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை, அடுத்த நாளும் முடியவில்லை, அவ்வளவுதான். கண்ணீர்கூடப் பெரிதாக வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், கேட்டால், "நெஞ்சுல யாரோ உக்காந்திருக்காக" என்பாள்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை சவேரியார்பிச்சை. திருப்பூரிலிருந்து வந்த மரகதவல்லியின் தம்பி, தன்னுடைய சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டியதில் அவள் லேசாகச் சிரித்துவிட்டாள், அன்றைக்கு மத்தியானம் டீ கரித்தது. தம்பி ஊருக்குப் போன இரண்டாம் நாள் டீ மறுபடியும் சரியானது. சவேரியார்பிச்சை இதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், நான் சண்முகக்கனியிடம் சொன்னேன், ஒரு வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது, ஆனால் யாரும் அதைச் சத்தமாகப் பேசவில்லை.

பேசாமலே ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம் பம்பை எடுத்துவிட்டு மோட்டார் வைத்து, தெருக்களுக்கு ஏழு குழாய் இழுத்து, காலையில் கிழக்குத் தெருவுக்கும் மாலையில் மேற்குத் தெருவுக்கும் என்று முறை வைத்தார். பெண்கள் அவள் கொல்லைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்கள். கஞ்சியும் மீன் குழம்பும் வேளை தவறாமல் அவள் வீட்டுக்குப் போனது, ஆனால் கொண்டுபோனவர்கள் தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். கல்யாண மேளம் அவள் தெருவுக்கு முன்னாலேயே திரும்பி வேறு வழியாகப் போனது. அவள் அங்கன்வாடிப் பிள்ளைகள் டீச்சரைப் பார்க்கணும் என்று அழுதபோது, டீச்சர் தூங்குறாக என்று சொல்லிப் பழக்கினோம். தம்பிக்கு நானே போன் போட்டு, "கொஞ்ச நாளைக்கு வராதீங்க தம்பி, அவ அமைதியா இருக்கட்டும்" என்றேன். இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த ஒரு வருஷத்தில் எங்கள் ஊரில் ஒன்பது கல்யாணம் நடந்தது. கொல்லைகளில் மல்லிகை பூத்தது, வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது, துவரம்பருப்பு ஒரே விசிலில் வெந்தது. சண்முகக்கனி ஒரு நாள்கூட வலி என்று சொல்லவில்லை.

அப்போதுதான் நாச்சியா எங்கள் ஊருக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தார். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனவர், மரகதவல்லியின் பாயருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அடுத்த வாரமே அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து சீட்டை என் கடை மேசையில் வைத்தபோது மரகதவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லிட்டாக" என்றார் நாச்சியா. "மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். முதல் பத்து நாள் குமட்டும், தூக்கம் கெடும், படபடன்னு வரும். பெறகு மெல்லக் கொணம் தெரியும். நல்லானப்புறமும் ஆறேழு மாசம் சாப்பிடணும். நிறுத்துறதுன்னா அவுகளாத்தான் கொறைச்சுக் கொறைச்சு நிறுத்துவாக. திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், தலைக்குள்ள கரண்டு அடிச்ச மாதிரி சொடுக்கும், பயமும் அழுகையும் வரும். போதைப் பழக்கம் மாதிரி இல்ல, ஆனா ஒடம்பு பழகிப்போகும்னாக."

"இவ என்ன கேட்டா?"

"தண்ணி நின்னுருமான்னு கேட்டா. அதுக்கு டாக்டரம்மா, நான் தண்ணிக்கு டாக்டர் இல்லம்மா, நீங்க எந்திரிச்சு நடப்பீங்க, அது பெரும்பாலும் நடக்கும்னு மட்டும் சொல்லுவேன்னாக."

அந்த மாத்திரை என் கடையில் இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்றேன். வரவழைக்கவும் செய்தேன். ஆனால் அது வருவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய், பெட்டி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புயல் காப்பகக் கட்டடத்தில் எல்லாரும் கூடினோம். மரகதவல்லி பின்வரிசையில் நாகரெத்தினத்தின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் தண்ணீர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் உடம்பைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்பட்டோம்.

"அதைத் தொட்டா விட முடியாதுங்கிறாங்களே, நம்ம பிள்ளை அதுல மாட்டிக்கிறக் கூடாதுல்ல" என்றார் பொன்னுரங்கம். "வில்லாயுதம், படிச்சவன் நீ, மருந்தைப் பத்தி நீ சொல்லு."

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்று படித்தேன். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், வேர்வை, திடீரென நிறுத்தினால் வருவன என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் என்று அதே வரியில் போட்டிருந்ததைச் சொல்லவில்லை. எதற்காக அந்த மாத்திரை, எவ்வளவு பேருக்கு அது உதவுகிறது என்ற மேல் பகுதியைப் படிக்கவே இல்லை. நான் படித்தது எல்லாம் உண்மை. படித்து முடித்து உட்கார்ந்தபோது சபையில் ஒரு நிம்மதி பரவியதை உணர்ந்தேன்.

நாச்சியா எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, மேல் பகுதியை நிதானமாகப் படித்தார். பிறகு, "இது அவ ஒடம்பு. அவதான் யோசிக்கணும். கூட்டம் போட்டு யோசிக்கிற விஷயமில்ல" என்றார்.

எல்லாரும் மரகதவல்லியைத் திரும்பிப் பார்த்தோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள். "உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேன்." எங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காகவே எழுந்து வந்தவள் மாதிரி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் பன்னிரண்டு நாள் யோசித்தாள். மாத்திரை அட்டை தலைமாட்டில் பிரிக்காமல் கிடந்தது. பதிமூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் ஏழு வயது மகள் யாழினி, கொல்லையில் ஒரு ஆட்டுக்குட்டி துணிக்கொடியில் தலையை மாட்டிக்கொண்டு நாகரெத்தினத்தின் லுங்கியோடு ஓடுவதைப் பார்த்து, சிரிப்பு பொங்கி வர, இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், கண்ணில் தண்ணீர் வர, சுவரோரம் குனிந்து நின்றாள். மரகதவல்லி அதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு ஏன் வாயை மூடுகிறாய் என்று கேட்டிருக்கிறாள்.

"அம்மாவைச் சிரிக்க வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லிருக்காங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தாம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் முதல் மாத்திரையை விழுங்கினாள். எங்கள் ஊர் நல்ல தண்ணீரில்தான் விழுங்கினாள்.

முதல் பத்து நாள் டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. குமட்டியது, படபடப்பு வந்தது, விடியும்வரை முழித்துக் கிடந்தாள். தண்ணீர் குறையவே இல்லை, சீக்கு மருந்துக்குக் கேட்கவில்லை என்று நாங்களும் ஒருவருக்கொருவர் வருத்தமாகச் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் அவள் தலை வாரிக்கொண்டாள். நான்காம் வாரத்தில் குழாயில் தண்ணீர் விரலளவு ஆனது. ஆறாம் வாரத்தில் நாச்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடி வாசல்வரை நடந்து வந்தாள், பிள்ளைகள் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள், அன்றைக்குத் தண்ணீரில் உப்பு கரித்தது. பத்தாம் வாரத்தில், சண்முகக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலை மரகதவல்லி கடைக்கு வந்தாள். முகத்தில் களை வந்திருந்தது. "அண்ணே, மாத்திரை தீந்துபோச்சு" என்றாள்.

அதற்கு முந்தின வாரமே வந்த பெட்டி, எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பொன்னுரங்கம் சொல்லவில்லை, சவேரியார்பிச்சை சொல்லவில்லை, சண்முகக்கனி வலியோடு அப்போதுதான் படுத்திருந்தாள், அவளும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "ஸ்டாக் இல்லம்மா. கம்பெனியில இருந்து வரல. நாளைக்கு வந்துரும்."

மறுநாளும் அதையே சொன்னேன். நாச்சியா பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். மூன்றாம் நாள் நாகரெத்தினம், நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வரட்டுமா என்று கேட்டபோது, "எதுக்கு வேலையைப் போட்டுட்டு அலையிறீக, நாளைக்கு வந்துரும்" என்றேன். மருந்தைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. சபையில் எழுந்து நின்று படித்துக் காட்டியவன் நான்தான்.

நான்காம் நாள் அவளுக்குத் தலை சுற்றியது. ஐந்தாம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் கரண்டு சொடுக்குகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆறாம் நாள் யாழினியைக் காரணமில்லாமல் அடித்துவிட்டு, பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தவள், அழுகையை நிறுத்தவே முடியாமல் அழுதாள். ஒரு வருஷமாகக் கண்ணீர் விடாத அந்தப் பெண் அழுத சத்தம் எங்கள் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் தண்ணீர் திரும்பி வந்தது. மோட்டார் போடாமலே வந்தது. குழாயின் மூடியைத் தள்ளிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு எழும்பி, முன்னெப்போதையும்விட இனிப்பாக, இளநீர் மாதிரி, கொல்லை முழுக்கப் பரவி வாசல் வழியாகத் தெருவில் ஓடியது.

நாங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினோம். குடம், அண்டா, வாளி, பிள்ளைகள் குளிக்கிற தொட்டி, திருவிழாவுக்குச் சமைக்கிற கொப்பரை என்று எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்தோம், உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள், நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, செருப்பை வாசலில் கழற்றிவிடக்கூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் அப்படிப் பிடித்தோம். நான் பதினாறு குடம் பிடித்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சண்முகக்கனி, மதியச் சோற்றை நானே கொண்டு போகிறேன் என்று வழக்கத்துக்கு மாறாகக் கடைக்கு நடந்து வந்தாள். தூக்குச்சட்டியை மேசையில் வைத்தவள் அலமாரியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தலைமாட்டில் அந்த அட்டையை எத்தனையோ தடவை பார்த்தவள் அவள். பெட்டியை எடுத்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எனக்காகவா?" என்று கேட்டாள்.

நான் தூக்குச்சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நான் குடிச்ச ஒவ்வொரு சொம்புக்கும் என்னையும் கூட்டுச் சேத்திருக்கீக" என்றாள். "என் கல்லு எனக்கு இருந்துட்டுப் போகட்டும். இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நான் குடுக்க மாட்டேன்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். நாகரெத்தினத்திடம், இப்பத்தான் வந்துச்சு என்றேன். அதையும் பொய்யாகத்தான் சொன்னேன். மறுநாள் திரும்பி வந்த நாச்சியா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஒன்பது நாள் விட்டுப்போனதால் பழைய அளவில் ஆரம்பிக்காமல், சின்ன அளவிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். குமட்டலும் தூக்கமில்லாத நாட்களும் அவளுக்கு இரண்டாம் முறையாக வந்துபோயின. ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டியது அது.

இரண்டு மாதத்தில் தண்ணீர் முழுக்க உப்பானது, லாரி பழையபடி வந்தது. எங்கள் ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. தெருக் குழாய்கள் ஏழையும் கழற்றி எடைக்குப் போட்டார்கள், மேளம் எல்லாத் தெருவிலும் போனது, சவேரியார்பிச்சை டீயில் இஞ்சியைக் கூடப் போட்டார். சண்முகக்கனிக்கு மூன்றாம் தடவையாகக் கல் எடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு மரகதவல்லிதான் துணைக்கு வந்தாள், மூன்று நாள் அவள் பக்கத்தில் இருந்தாள். அந்த மூன்று நாளும் நான் வராந்தாவிலேயே நின்றேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூச்சி மாத்திரை கொடுக்கப் போன ஒரு பிற்பகலில், பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியபிறகு, அங்கன்வாடி வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் சொன்னேன். "மாத்திரை கடையிலதாம்மா இருந்துச்சு. ஒன்பது நாளும் இருந்துச்சு."

அவள் தட்டுக் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ண்ணே" என்றாள். "ரெண்டாம் நாளே பாத்தேன். உங்களுக்குப் பின்னாடி, கண்ணாடிக்குள்ள இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கணும்னுதான் நின்னேன். அக்கா வலியில மொனங்குனது மொத நாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. நான் ஒருத்தி எந்திரிச்சு நடக்குறதுக்காக இத்தனை பேரு உப்பைக் குடிக்கணுமான்னு தோணுச்சு. நான் நல்லாயிருக்குறதே தப்புன்னு நெனச்சுட்டேன்." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அப்படி நெனச்சதும் சீக்குத்தான்னு டாக்டரம்மா சொன்னாக. நீங்க செஞ்சது சீக்கு இல்லண்ணே."

அவள் என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. உள்ளே ஒரு பிள்ளை விழித்து அழுதது, எழுந்து போனாள்.

எட்டு மாதம் கழித்து டாக்டரம்மா மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்தார். முதல் ஆறு வாரம் முக்கால், பிறகு பாதி. துல்லியமாக வெட்டுவதற்கென்று ஒரு சின்னக் கருவி வரவழைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே வெட்டி, பொட்டலம் போட்டு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் அந்த அளவைத் தெரிந்து வைத்திருந்தார்கள். என்ன வில்லாயுதம், பாதிக்கு வந்தாச்சா என்று கேட்பார்கள். கேட்பவர் கண்ணில் இருப்பது அக்கறையா, வேறு ஏதாவதா என்று நான் பார்ப்பதில்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

பாதி அளவு தொடங்கிய ஐந்தாம் நாள் காலை, சண்முகக்கனி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். மரகதவல்லி வீட்டுக் கொல்லையில், மூடி வைத்திருந்த பழைய குழாயின் ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான் சுவரேறிக் குதித்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு, பற்ற வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் அதற்குள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். சவேரியார்பிச்சை இருந்தார், பொன்னுரங்கம் இருந்தார், பெண்கள் இருந்தார்கள். ஒருவர் கையிலும் குடம் இல்லை. சவேரியார்பிச்சை, "நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கய்யா" என்றார். அதற்கு முன்பே பொன்னுரங்கம் நாச்சியா வீட்டுப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தார். டாக்டரம்மா அன்றைக்கே அளவை முக்காலுக்கு ஏற்றி, அவசரம் இல்லை, இன்னும் மெதுவாக இறங்கலாம், வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்றார். ஒரு வாரத்தில் கசிவு உப்பாகி, பிறகு காய்ந்துபோனது. மரகதவல்லி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஊர் திருந்திவிட்டது என்று நாச்சியா டவுனில் எல்லாரிடமும் சொல்கிறார். ஊரைப் பற்றி அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலையில் விரலை நாக்கில் வைத்தவுடன், அவள் எப்படி இருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டில் எத்தனை குடம் காலியாக இருக்கிறது என்று நான் எண்ணினேன். நாலு. எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பொட்டலத்தை நீட்டும்போது சொல்லிவிட நினைப்பேன். அவள் வாங்கிக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.